எந்த மரம், எந்த வேர்

காடு இப்போது இருப்பதைவிடப் பெரியதாகவும், நிலா இப்போது இருப்பதைவிடக் கிட்டத்திலும் இருந்த காலம் அது. ஆற்றங்கரை மருத மரத்தில், கிளியக்காவுக்குச் சொந்தமான ஒரு பொந்தில், கோடன், மினுக்கி என்று ஓர் இளம் அணில் ஜோடி வாடகைக்குக் குடியிருந்தது.

பொந்து சின்னது. வாலை மடக்கினால்தான் இருவரும் தூங்க முடியும். மினுக்கியின் வயிற்றில் குட்டிகள் வேறு.

தின்றது போகப் பொறுக்கி வரும் புளியங்கொட்டைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு கிளியக்காவுக்கு. ஒரு பங்கு சொந்தப் பொந்துக்கு. ஒரு பங்கு மழைக்கு.

மழைப் பங்கை மேட்டு மண்ணில் புதைத்தார்கள். அணில்களுக்கு ஒரு குறை உண்டே, புதைத்த இடம் மறந்துபோகும்! அதனால் எந்த மரம் என்பதைக் கோடன் நினைவில் வைத்துக்கொண்டான். எந்த வேர் என்பதை மினுக்கி வைத்துக்கொண்டாள். ஒருவர் சொல்லாமல் மற்றவரால் தோண்ட முடியாது.

ஒருநாள் மரங்கொத்தி உச்சிக்கிளையில் புதுப் பொந்து ஒன்றைக் குடைந்து முடித்தது. இருவரும் உள்ளே படுத்துப் பார்த்தார்கள். வாசல் நிறைய நிலா. வெளிச்சம் பால் மாதிரி மினுக்கியின் வயிற்றில் விழுந்தது.

"நீங்க சேர்த்தது பத்தாது. இன்னொரு குவியல் வேணும். மைனா ஜோடியும் கேட்டிருக்கு, சீக்கிரம்," என்றது மரங்கொத்தி.

காலையில் கோடன் கேட்டான்: "புள்ள, எந்த வேர்?"

"மழை வந்திருச்சா?" என்றாள் மினுக்கி.

மத்தியானம் கேட்டான்: "வானத்தைப் பாரு, ஒரு மேகம் இருக்கா? எந்த வேர்?"

"மழை வந்திருச்சா?"

சாயங்காலம் கெஞ்சினான்: "நம்ம குட்டிங்க நிலா வெளிச்சத்துல கண்ணைத் திறக்கட்டும் புள்ள."

மினுக்கியின் கண்ணுக்குள்ளும் அந்தப் பொந்துதான் நின்றது. சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அப்போது உள்ளே ஒரு குட்டி உதைத்தது.

"மழை வந்திருச்சா?" மெல்லத்தான் கேட்டாள்.

பொந்து மைனாக்களுக்குப் போனது. "உன் வேரையே கட்டிக்கிட்டு அழு," என்று கோடன் திரும்பிப் படுத்தான்.

பிறகு மழை வந்தது. வானம் எது, ஆறு எது என்று தெரியாத மழை. குட்டிகள் பிறந்திருந்தன. வெளியே தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. சொந்தப் பொந்துக்குச் சேர்த்ததும் தின்று தீர்ந்தது. மினுக்கிக்குப் பால் வற்றியது.

இப்போது அவளே கேட்டாள்: "எந்த மரம்?"

"மேட்டு இலுப்பை. எந்த வேர்?"

"கிழக்கே போற வேர்."

கோடன் நனைந்துகொண்டே ஓடினான். அவன் சுமந்து வந்ததை மினுக்கி தின்றாள், குட்டிகளுக்குப் பால் ஊறியது, கிளியக்காவுக்கு வாடகையும் போனது.

"அன்னைக்கு நீ மட்டும் சொல்லியிருந்தா..." என்று கோடன் தலைகுனிந்தான்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்," என்று சிரித்தாள் மினுக்கி.

மறுபடி சேர்த்து, அடுத்த கோடையில் சொந்தப் பொந்து வாங்கினார்கள். உச்சிக்கிளையில் இல்லை, ஆற்றுப் பக்கம் தாழ்ந்த கிளையில். குடிபோகும் முன்பே இருவரும் மேட்டுப் பக்கம் போய், மழைப் பங்கைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

"நிலா தெரியலையேங்க?"

"கொஞ்சம் தள்ளிப் படு."

தள்ளிப் படுத்தாள். கீழே தண்ணீரில், கைக்கெட்டும் தூரத்தில், நிலா அசைந்துகொண்டிருந்தது.

ஆகவே கேட்டவர்களே, ஆபத்துக்கென்று வைத்ததை ஆசைக்காகத் தொடாதவர்களுக்குச் சொந்த வீடு கொஞ்சம் தாமதமாக வந்தாலும் நிலைத்து நிற்கும்.