ஒரு இஃப் போதும்

சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. மேனேஜர் பெயர் ஜெயசிம்மன். காலை ஒன்பது மணிக்கு மேல் எவன் வந்தாலும் கேட் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். பத்தரைக்கு முன்னால் வந்தே பழகாதவரும் அவர்தான்.

தற்காலிக வேலையில் இருந்த பொன்னரசியைக் கூப்பிட்டார்.

"கேட்டுக்கு பைத்தான்ல புரோகிராம் எழுது. லேட்டா வந்தா யாருக்கும் திறக்கக் கூடாது, எனக்கு மட்டும் திறக்கணும். ஆனா என் பேரு, கார் நம்பர், கார்டு எதுவும் அதுல இருக்கக் கூடாது. முதலாளியம்மா வரிவரியாப் படிப்பாங்க. முடியலைன்னா வேலைக்கு வராதே."

"ஒரு இஃப் போதுங்க சார், 'இப்படி நடந்தா திற'ன்னு ஒரு நிபந்தனை. கேட்ல ஒரு மைக் மட்டும் மாட்டணுங்க."

"என்னத்தையோ மாட்டித் தொலை."

திங்கட்கிழமை முதலாளியம்மா சீக்கிரமே வந்துவிட்டார். எல்லாரையும் உட்கார வைத்து, திரையில் இருந்ததைப் பத்தரை மணி வரைக்கும் படித்தார். கடைசி வரிகளைத் தமிழில் சொன்னால்: 'மணி ஒன்பதைத் தாண்டியபின், விடாமல் பத்து ஹாரன் கேட்டால் திற. இல்லாவிட்டால் திறக்காதே.'

"யாரும்மா அது, பத்து ஹாரன் அடிக்கிற பிரகஸ்பதி?"

வாசலில் வழக்கம்போல் ஹாரன் விடாமல் அலறியது. ஆபீஸே சத்தமாக எண்ணியது. பத்தாவதில் கேட் திறந்தது. ஜெயசிம்மன் கூலிங்கிளாஸோடு உள்ளே வந்தார்.

முதலாளியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பொன்னரசி, பத்தை எடுத்துட்டுப் பத்தாயிரம்னு போடும்மா. உன் வேலை இனி நிரந்தரம்."

எண்ணை மாற்றியதை ஜெயசிம்மனிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம், ஹாரன் அடித்தடித்தே அவர் கார் பேட்டரி செத்தது. கேட் அசையவில்லை.