ஒரு மாச ஆயில்

சாத்தூர்ப் பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவள் பிலோமினா. இடம் அரிசி ஆலை முதலாளி வேதமாணிக்கத்துடையது. ஒரு நாள் அவர் புதுக் காரில் வந்திறங்கினார். பின்னால் பழைய டர்போ காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள இது ஓடணும். இல்லன்னா ஷெட்டைக் காலி பண்ணு."

பிலோமினா இன்ஜினைப் பிரித்துப் பார்த்தாள். ஆயில் தார்போல் இறுகி, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ விசிறி சுற்றாமல் பிடித்துக் கிடந்தது. ஒரு வாரத்தில்கூட முடியாத வேலை.

"மொதலாளி, வருஷக்கணக்கா ஆயிலே மாத்தலை. அதான் டர்போ போயிருச்சு."

"போன மாசந்தான் மாத்தினேன். நீதான் பிரிச்சுக் கெடுத்துட்ட!" என்று வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் முன்னால் கத்தினார்.

இனி யார் தன்னை நம்பி வண்டியை விடுவார்கள் என்று நினைத்தாள். அந்தக் கறுப்புக் குழம்பை ஒரு டப்பாவில் வழித்தெடுத்தாள். நேரே போய்ப் புதுக் காரின் பானெட்டைத் தூக்கினாள்.

"ஒரு மாச ஆயில்தானே மொதலாளி? வீணாக்குவானேன், இதுல ஊத்திடுறேன்."

"ஏய், நிறுத்து! அந்தச் சனியனை ஊத்தினா இன்ஜின் செத்துரும்!"

"அதைத்தான் நானும் சொன்னேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மறுநாள் முதலாளி ஷெட்டைப் பூட்டத்தான் பூட்டினார். ஸ்பானர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பிலோமினா பஸ்ஸுக்கு நின்றாள். அவள் இன்ஜினைக் கெடுத்தாள் என்று மட்டும் அந்த ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.