சடையப்பன் மீசையும் மகிழங்கன்றும்

மடத்துச் சடையப்பனுக்கு இரண்டின் மேல் மட்டும் பற்று விடவில்லை. ஒன்று மீசை. மற்றொன்று மத்தியானத் தூக்கம். இரண்டையும் விடச் சொல்லி குருவும் அவனை வற்புறுத்தியதில்லை.

மடம் இருந்த கடைத்தெருவில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. வாசலில் மரம் வளர்க்கிறேன் என்று அவன் கிளம்பினான். வேம்பு வைத்தான், கருகியது. புங்கன் வைத்தான், அதுவும் போனது. எதிர்த்த டீக்கடையில் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கன்று பிழைக்காவிட்டால் பாதி மீசையை எடுத்துவிடுவதாக அங்கேயே சபதம் போட்டுவிட்டான்.

அடுத்து வைத்த மகிழங்கன்று இப்போது இலை உதிர்க்க ஆரம்பித்திருந்தது. டீக்கடைக்காரர் சவரக்கத்தி வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி.

சடையப்பன் குருவிடம் ஓடினான். நாற்றுப் பண்ணைக்காரன் ஏமாற்றிவிட்டான், தெருக்காரர்களின் கண் பட்டுவிட்டது என்று ஒரு பாட்டம் புலம்பினான்.

"கன்னு சரியில்ல சாமி. யாருக்கும் தெரியாம பிடுங்கிட்டு, இதே உயரத்துல வேற கன்னு வச்சிரட்டுமா?"

"குழிக்குள்ள என்னப்பா போட்ட?"

"சாக்கடை கட்டினப்ப மிஞ்சின செங்கல்லும் காங்கிரீட்டும் தோண்டத் தோண்ட வந்துச்சு. அதையே தள்ளி மூடிட்டேன். மேல ஒரு கூடை செம்மண் தூவினேன் சாமி. பார்வைக்கு லட்சணமா இருக்கு."

போய்ச் சாப்பிட்டு வா என்றார் குரு.

அன்றைக்கு வத்தக்குழம்பு. கவலையிலும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண் சொக்க வந்தான். வழக்கமாகப் படுக்கும் மூலையில் புதுக் கோரைப்பாய் விரித்திருந்தது. குருவே விரித்தாராம். அவனுக்கு மனசு நெகிழ்ந்து போயிற்று. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மல்லாந்து விழுந்தான்.

விழுந்த வேகத்தில் அலறிக்கொண்டு எழுந்தான். பாய்க்கு அடியில் உடைந்த செங்கல்லும் ஜல்லியும் பரப்பியிருந்தது.

"இதுல எப்படிப் படுக்கிறது சாமி?"

"ஏம்ப்பா, பார்வைக்கு லட்சணமாத்தானே இருக்கு?"

"அடியில பூரா கல்லு சாமி."

குரு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யாருப்பா அங்க? இந்த ஆளு சரியில்ல. இதே உயரத்துல வேற ஆளக் கூட்டிட்டு வந்து படுக்க வைங்க."

சடையப்பன் மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டான். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினான். மடத்துக்கு வந்த பிறகு அவன் தூங்காத முதல் மத்தியானம் அது.