பொந்துக்குப் பொருந்திய கட்டளை

மேற்கு மலைச் சரிவில், மேகங்கள் வந்து படுத்துக்கொள்ளும் ஒரு காட்டில், ஓர் ஆண்டு காய்ச்சல் புகுந்தது.

முதலில் புள்ளிமான்கள் இருமின. அடுத்துக் காட்டுப்பன்றிகள் தீனி தேடாமல் சுருண்டு படுத்தன. சுனையில் முகத்தோடு முகம் உரசி நீர் குடித்த விலங்குகளே நோயுற்றன. ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படுவதால்தான் காய்ச்சல் தொற்றுகிறது என்று முதலில் கண்டு சொன்னது ஓர் இருவாச்சிப் பறவை. அதன் பெயர் பேரலகன். உயரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் பறவை என்பதால், காட்டின் நலத்தைக் காக்கும் பொறுப்பை யானைகள் அதனிடம் கொடுத்திருந்தன.

பேரலகன் கண்டு சொன்னது சரிதான். குழந்தைகளே, அதை மறந்துவிடாதீர்கள். தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்துகொள்ளும். களிமண்ணையும் எச்சத்தையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியாக ஊட்டும். குஞ்சு வளரும்வரை தாய் வெளியே வராது. பேரலகனின் மனைவி வெண்விழியும் அப்போது இலவமரப் பொந்துக்குள், புதிதாய்ப் பொரித்த குஞ்சோடு அப்படித்தான் அடைபட்டிருந்தது.

"என் வீட்டில் நோய் இல்லை. எல்லா வீடும் என் வீட்டைப்போல் ஆகிவிட்டால் காட்டிலும் நோய் இருக்காது" என்று பேரலகன் முடிவு செய்தது. இலவமரத்தின் உச்சிக் கிளையில் அமர்ந்து, காடு அதிரக் கட்டளையிட்டது.

"அனைவரும் அவரவர் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ள வேண்டும். அலகு நுழையும் பிளவு மட்டும் விடலாம். பழத்தைக் கணவர் கொண்டுவந்து கொடுப்பார். அடைக்காதவர்களின் வாசலைக் கருங்குரங்குகள் அடைக்கும்."

"ஆகா, எவ்வளவு தெளிவு" என்றது மலை அணில். அதற்கும் மரத்தில்தான் வீடு.

கீழே நின்ற மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நமக்கு வாசல் எங்கே இருக்கிறது?" என்றது ஒரு மான்.

"முதலில் சுவர் எழுப்ப வேண்டும். பிறகு அதில் வாசல் வைக்க வேண்டும். பிறகு அந்த வாசலை அடைக்க வேண்டும். வேலை நிறைய இருக்கிறது" என்றது இன்னொரு மான்.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "நான் அடைத்தாயிற்று" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

இந்தப் பேச்சு எதுவும் உச்சிக் கிளைக்கு எட்டவில்லை. உச்சிக் கிளையில் சொன்னதோ, பகலெல்லாம் மண்ணுக்குள் உறங்கி வாழ்ந்தவர்களுக்கு எட்டவே இல்லை.

மண்ணுக்குள் வாழ்ந்தவர்களில் ஒன்று சிலிர்ப்பி என்ற முள்ளம்பன்றி. காட்டிலேயே மிகுந்த கோபக்காரி. யாராவது வழியை மறித்தால் போதும், முட்கள் சடசடவென்று எழுந்து நிற்கும். போன மழைக்காலத்தில் அதன் துணையைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. வளைக்குள் இரண்டு குட்டிகள் இருந்தன. கிழங்கு தேடித் தருவதற்குச் சிலிர்ப்பியைத் தவிர வேறு யாரும் இல்லை.

கட்டளை பிறந்த மறுநாள் காலை, வாயில் கிழங்கோடு திரும்பிய சிலிர்ப்பி தன் வாசலைத் தேடியது. வாசல் இருந்த இடத்தில் வழவழப்பான மண்பூச்சு இருந்தது. அருகில் ஒரு கருங்குரங்கு கைகளில் ஒட்டிய சேற்றை இலையில் துடைத்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்தாய்?" என்றது சிலிர்ப்பி.

"கட்டளை, அக்கா. மேலே சொன்னார்கள். கீழே செய்தோம்."

"உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாயா?"

"பார்க்கச் சொல்லவில்லையே."

கிழங்கு கீழே விழுந்தது. சிலிர்ப்பி பூச்சைப் பிய்த்து எறிந்தது. குரங்கு பிளவு விட்டுத்தான் இருந்தது. ஆனால் வளையின் வாசல் மரத்தில் இல்லை, சரிவில் இருந்தது. மேலிருந்து வழுக்கி வந்த ஈரமண் அந்தப் பிளவை அடைத்துவிட்டிருந்தது. உள்ளே குட்டிகள் இரண்டும் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. காற்று பட்டதும் மெல்ல அசைந்தன.

பக்கத்து வளையின் முன் அழுங்கு நின்றிருந்தது. உடல் முழுதும் செதில் போர்த்த, குரலே இல்லாத சாதுவான பிராணி அது. எறும்பு தேடிப் போன நேரத்தில் அதன் வாசலையும் அடைத்திருந்தார்கள். வாசல் எங்கே போயிற்று என்று தெரியாமல் அது தரையை முகர்ந்து முகர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

இருவருமாகத் தோண்டினார்கள். அழுங்கின் ஒரே குட்டி வாசலுக்கு அருகிலேயே கிடந்தது. அதன் செதில்கள் குளிர்ந்துபோயிருந்தன.

அழுங்கு குட்டியை வயிற்றோடு அணைத்து, பந்தாகச் சுருண்டது.

குரங்கு தலையைச் சொறிந்தது. "வேண்டுமென்று செய்யவில்லை, அக்கா. ஆனால் மாலையில் மறுபடி வருவோம். உங்களையும் உள்ளே விட்டு அடைக்க வேண்டும். கட்டளை அப்படி."

"உள்ளே விட்டு அடைத்தால் நாங்கள் எதைத் தின்பது?"

"பழத்தைக் கணவர் கொண்டுவருவார்" என்று குரங்கு ஒப்பித்தது.

மாலைக்குள் கட்டளை மாறாவிட்டால், தன் வளையே தன் குட்டிகளுக்குக் குழியாகும் என்று சிலிர்ப்பிக்குப் புரிந்தது. பகல் வெளிச்சத்தில் வெளியே வராத அந்த முள்ளம்பன்றி, கூசும் கண்களை இடுக்கிக்கொண்டு, முட்கள் அதிர இலவமரத்தடிக்கு வந்தது. கூடியிருந்த விலங்குகள் தாமாகவே விலகி வழிவிட்டன.

"ஐயா, உங்கள் கட்டளையால் ஒரு குட்டி இறந்துவிட்டது" என்று உச்சிக் கிளைக்கு எட்டும்படி கத்தியது சிலிர்ப்பி.

பேரலகன் கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தது. "வருத்தம்தான். ஆனால் தாய் உள்ளேயே இருந்திருந்தால் பிளவைத் திறந்து வைத்திருக்கும் அல்லவா? சொல்வதைக் கேளாமல் வெளியே அலைபவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"எங்கள் காதில் விழும் இடத்தில் நீங்கள் சொல்லவில்லை."

"காட்டிலேயே உயரமான மரத்திலிருந்து சொன்னேன். இதைவிட வேறு எங்கிருந்து சொல்வதாம்?"

"அதுதானே" என்றது மலை அணில். "மண்ணில் வாழ்பவர்களுக்குக் காதும் மந்தம், புத்தியும் மந்தம்."

சிலிர்ப்பியின் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன. மரத்தையே வேரோடு கடித்துச் சாய்த்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மரம் சாய்வதற்குள் மாலை வந்துவிடும். குரங்குகளும் வந்துவிடும்.

அப்போதுதான் அது மரத்தின் நடுவில் இருந்த பொந்தைக் கவனித்தது. மண்பூச்சின் பிளவு வழியாக வெண்விழியின் அலகு நுனி வெளியே நீண்டிருந்தது. அலகு திறந்தது. சற்று நேரம் காத்திருந்தது. வெறுமையாக மூடிக்கொண்டது.

சிலிர்ப்பி தன் முட்களை ஒவ்வொன்றாகப் படியவைத்தது. பணிவான குரலில் பேசியது.

"ஐயா, நான் விவரம் அறியாதவள். புரியாமல் கோபப்பட்டுவிட்டேன். கட்டளையை இன்னொரு முறை விளக்கிச் சொல்வீர்களா?"

விளக்கச் சொல்லிக் கேட்டால் பேரலகனுக்குப் பசி தாகம் எதுவும் தெரியாது. அது இறக்கைகளைச் சரிசெய்துகொண்டு தொடங்கியது. எந்த ஓடையின் களிமண் நல்லது என்று சிலிர்ப்பி கேட்டது. பேரலகன் ஓடை ஓடையாக விளக்கியது. பூச்சு காய்வதற்கு வெயில் நல்லதா, காற்று நல்லதா என்று கேட்டது. பேரலகன் வெயிலைப் பற்றிப் பேசி, காற்றைப் பற்றிப் பேசி, மறுபடியும் வெயிலுக்கே திரும்பியது. சூரியன் உச்சிக்கு ஏறியது. பொந்துக்குள் அலகு தட்டும் ஓசை கேட்டது.

"இதோ வந்துவிட்டேன்" என்று பொந்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "எங்கே விட்டேன்?" என்றது பேரலகன்.

"பிளவின் அகலத்தில் விட்டீர்கள், ஐயா."

"ஆம், அகலம்." பேச்சு மறுபடி ஓடியது.

நிழல்கள் கிழக்கே சாய்ந்தபோது சிலிர்ப்பி கேட்டது: "எல்லாம் புரிந்துவிட்டது. ஒன்றுதான் புரியவில்லை. பழம் யார் கொண்டுவருவார்?"

"கணவர்."

"என் கணவரைச் சிறுத்தை தின்றுவிட்டது."

"அப்படியானால் உறவினர் யாராவது."

"கணவர் இருக்கும் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். அவர் பழம் கொண்டுவராமல் இருந்துவிட்டால்?"

பேரலகன் சிரித்தது. "வராமல் எப்படி இருப்பார்? மனைவியும் குஞ்சும் உள்ளே பசித்திருக்கும்போது, எந்தக் கணவனாவது வெளியே வேறு வேலை பார்ப்பானா?"

"பார்ப்பான்" என்றது ஒரு குரல்.

குரல் பொந்துக்குள்ளிருந்து வந்தது.

"காலையிலிருந்து பார்க்கிறான்" என்றது வெண்விழி. "ஒரு அத்திப்பழம் வந்ததா? ஒரு புழு வந்ததா? குஞ்சு வாயைத் திறந்து திறந்து களைத்துப்போய்க் கிடக்கிறது. நீங்கள் அங்கே களிமண்ணின் அருமையைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த களிமண்தான் அது. நான்தான் பூசினேன்."

மலை அணில் வாலால் வாயைப் பொத்திக்கொண்டது.

பேரலகன் தடுமாறியது. "இன்று ஒரு நாள்தானே, வெண்விழி. காட்டு வேலை..."

"அழுங்கின் குட்டிக்கும் ஒரு நாள்தான், ஐயா" என்றது சிலிர்ப்பி. முட்கள் மறுபடி எழுந்துவிட்டன. இம்முறை அது அவற்றை அடக்கவில்லை. "கட்டளையிட்டவர் வீட்டிலேயே பழம் வந்து சேரவில்லை. கொண்டுவர ஆளே இல்லாத வீட்டை எந்தத் துணிவில் அடைத்தீர்கள்? மான்களுக்கு வாசல் உண்டா என்று கேட்டீர்களா? அழுங்கு எப்போது வெளியே போகும் என்று கேட்டீர்களா? ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படக்கூடாது என்றீர்கள். அதை என் வாசலில் வந்து சொல்லியிருந்தால், படாமல் வாழ்வது எப்படி என்று நானே சொல்லியிருப்பேனே. எங்களிடம் ஒரு வார்த்தை பேசுவதைவிடச் சேறு பூசுவது உங்களுக்கு எளிதாக இருந்ததா?"

"நான் நல்லதைத்தான் சொன்னேன்" என்றது பேரலகன்.

"நல்லதைத்தான் சொன்னீர்கள். உங்களுக்கு."

பேரலகன் பறக்க இறக்கையை விரித்தது. "இரு. முதலில் பழம் கொண்டுவந்துவிட்டு..."

"பதில் சொல்லிவிட்டுப் பறங்கள்" என்றது பொந்துக்குள்ளிருந்து வெண்விழி. "சீக்கிரம் சொல்லுங்கள். குஞ்சு பசியோடு இருக்கிறது."

உச்சிக் கிளையில் பேரலகன் காலை மாற்றி மாற்றி வைத்தது.

"வாசல்களைத் திறந்துவிடுங்கள்" என்று குரங்குகளிடம் சொன்னது. "நான் பழத்தோடு வருகிறேன். வந்த பிறகு நான் பேசமாட்டேன். நீங்கள் பேசுங்கள்."

சொன்னபடியே வந்தது. மனைவிக்கும் குஞ்சுக்கும் ஊட்டிவிட்டுக் கீழ்க்கிளைக்கு இறங்கியது. தள்ளித் தள்ளி நின்று மேய்வது தங்களால் முடியும் என்று மான்கள் சொன்னன. சுனையின் தென்கரை தங்களுக்குப் போதும், மற்றவர்கள் வடகரையில் குடிக்கட்டும் என்று பன்றிகள் சொன்னன. பகலில் சுனைக்கு வருபவர்கள் போன பிறகே தாங்கள் வருவதாக வளைவாசிகள் சொன்னார்கள். சேறு சுமந்த குரங்குகள் நோயுற்றவர்களுக்குக் கிழங்கு சுமந்தன. எல்லா வளைகளின் வாசலிலும் நின்று சிலிர்ப்பி காலால் தரையைத் தட்டித் தட்டிச் செய்தி சொன்னது. மெல்ல மெல்ல இருமல் குறைந்தது. சிலிர்ப்பியின் குட்டிகள் மண்ணைக் கிளறி விளையாடத் தொடங்கின.

பிறகு ஒரு நாள், மரத்தைவிட்டு அதிகம் இறங்காத பேரலகன் தரைக்கு வந்தது. நடக்கத் தெரியாமல் தத்தித் தத்தி அழுங்கின் வாசலுக்குப் போனது. அலகில் கொண்டுவந்த எறும்புப் புற்றின் துண்டைக் கீழே வைத்தது.

"உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்தேன்" என்றது.

அழுங்கு பந்தாகச் சுருண்டு கிடந்தது. பேரலகன் வெகுநேரம் காத்திருந்தது. அழுங்கு விரியவே இல்லை.

குழந்தைகளே, இந்தக் கதையின் நீதி: பிறரைக் காக்கும் சொல்லை அவர்களைக் கேட்ட பிறகே சொல்ல வேண்டும், கட்டளையிட்டுவிட்டுப் பிறகு கேட்பவனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போகலாம்.