எண்பத்து மூன்று வரவேற்புகள்

கறவை மன்றத்தில் குரு ஆவது சுலபம். பத்தாயிரம் பதிவு எழுதினால் போதும். என்ன எழுதினோம் என்று யாரும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்து, பெயருக்குக் கீழே தானாகப் போட்டுவிடும். ஆயிரத்துக்குள் இருந்தால் புதியவர். ஆயிரம் தாண்டினால் சீடர். பத்தாயிரம் தாண்டினால் குரு.

மாவட்டத்தில் மாடு வளர்க்கிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற இடம் அது. ஞானசிகாமணி அங்கே குரு. பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பதிவு. நிர்வாகியும் அவர்தான், விதிகளை எழுதியதும் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு. ஒரு காலத்தில் வீட்டில் மாடு இருந்தது. இப்போது பாக்கெட் பால்.

மூன்று நாளாக அவருக்கு ஒரு சண்டை. மாட்டுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து பால் கறக்க வேண்டும் என்று. வலது பக்கம் என்றார் இவர். இடது பக்கம் என்றான் உண்மைவிளம்பி77 என்கிற ஒருத்தன். நானூறு பதில் ஓடிவிட்டது. நடுவில் ஒருத்தர் இவருடைய அப்பாவை இழுத்தார். இன்னொருத்தர் சோழர் காலத்தை இழுத்தார்.

கண் எரிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. 'மன்றத்திலிருந்து விலகுகிறேன்' என்று எழுதினார். ஏழாவது தடவை எழுதுவதால் யாரும் தடுக்கவில்லை.

அந்த மன்றத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் அவருக்குப் புரிந்ததே இல்லை. கால்நடை டாக்டர் நிலோபர். முப்பது வயது. நாலு வருஷத்தில் அறுபத்தொரு பதிவு. இன்னமும் புதியவர். ஆனால் அறுபத்தொன்றுக்குக் கீழேயும் யாராவது ஒருத்தர் 'டாக்டரம்மா, மாடு தீனி எடுக்குது' என்று எழுதியிருப்பார்கள்.

ஞானசிகாமணிக்கு அப்படி ஒருத்தரும் எழுதியதில்லை. சண்டைக்குத்தான் வந்தார்கள். அது எப்படி என்று நேரில் கேட்டுவிடலாம் என்று காலை ஏழு மணி பஸ் பிடித்தார்.

அவர் போனபோது நிலோபர் மருந்தகத்து வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சாணி.

"வாங்க சார். மாடு எங்க?"

"மாடு இல்லம்மா. நான் மன்றத்து ஞானசிகாமணி."

"ஓ. வலது பக்கம் நீங்கதானா?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். நானும் பத்து வருஷமா எழுதறேன். நல்லதுதான் சொல்றேன். ஆனா எல்லாம் சண்டையிலதான் போய் முடியுது. நீங்க நாலு வரி எழுதறீங்க, கையெடுத்துக் கும்பிடறாங்க. அங்க எப்படித்தான் பேசறது? எனக்குச் சொல்லிக் குடுங்க."

நிலோபர் சோப்பைத் தேடினார். "நான் சாப்பாட்டு நேரத்துலதான் மன்றத்தப் பாப்பேன். இன்னிக்கு என்ன ஓடுது? படிங்களேன், என் கை ஈரம்."

ஞானசிகாமணி போனை எடுத்தார். இதற்கு அவர் தயார்தான்.

"இன்னிக்கு ஒரு புது உறுப்பினர் சேர்ந்திருக்காங்க. தங்கபுஷ்பம்னு பேரு. அறிமுகப் பகுதியில அறிமுகம் பண்ணிட்டாங்க. எண்பத்து மூணு பேர் வரவேற்றிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினார். "மொத வரவேற்பு என்னுது. ஆறு மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு."

"அவங்க என்ன எழுதியிருக்காங்க?"

"அறிமுகம்தான்."

"படிங்க."

அவர் மேலே தள்ளினார். தாமரைப்பூ, கும்பிடுகிற கை, தாமரைப்பூ, 'வருக வருக', மறுபடி தாமரைப்பூ. உச்சிக்குப் போக நேரம் எடுத்தது. பிறகு படித்தார்.

"வணக்கம், என் பேரு தங்கபுஷ்பம். நேத்து சாயங்காலம் மாடு கன்னு போட்டுச்சு. விடியக்காலையிலேர்ந்து எந்திரிக்கல. கழுத்த ஒரு பக்கமா மடிச்சிப் படுத்திருக்கு. காது சில்லுனு இருக்கு. எங்க ஊர் டாக்டரு லீவுன்னு சொல்றாங்க. என்ன பண்றது? வேற பக்கம் எழுத விட மாட்டேங்குது, மொதல்ல இங்க அறிமுகம் பண்ணணுமாம். யாராச்சும் சொல்லுங்க."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நிலோபர் அதை மூடினார்.

"மணி எத்தனை போட்டிருக்கு?"

"ஆறு பத்து."

இப்போது பத்தே முக்கால்.

"நீங்க என்ன எழுதினீங்க?"

அவர் மெதுவாகப் படித்தார். "தங்கள் வரவு நல்வரவாகுக. தங்கள் ஊர், மாடுகளின் எண்ணிக்கை, இனம் ஆகியவற்றையும் தெரிவித்தால் மகிழ்வோம்."

"தெரிவிச்சாங்களா?"

தேடினார். முப்பத்தேழாவது பதிவில் இருந்தது. "ஊர் கரடிக்குப்பம். ஒரே மாடுதான். கலப்பினம். பதில் சொல்லுங்க சாமி."

"அதுக்கு?"

"நாட்டு மாடு வெச்சிருந்தா இது வந்திருக்காதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அவருக்கு உண்மைவிளம்பி பதில் போட்டிருக்கான். அப்புறம் அவங்க ரெண்டு பேரும்..." அவரால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

நிலோபர் உள்ளே போய்ப் பையை எடுத்தார். இரண்டு பாட்டில் கால்சியம் மருந்து, ரப்பர் குழாய், ஊசி. "கன்னு போட்டதுல கால்சியம் இறங்கிப்போச்சு, நேரம் ஆனா மாடு போயிடும். கரடிக்குப்பம் பன்னெண்டு கிலோமீட்டர். வீடு எங்கன்னு கேக்கணும். நம்பர் குடுத்திருக்காங்களா பாருங்க."

"ஐம்பத்திரண்டுல குடுத்திருந்தாங்க."

"சொல்லுங்க."

"நீக்கியாச்சு."

"யாரு?"

ஞானசிகாமணிதான். போன் நம்பரைப் பொதுவில் போடக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. எட்டு மணிக்கு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பதிவை எடுத்துவிட்டு, 'விதிகளைப் படிக்கவும்' என்று எழுதியிருந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

நீக்கியதை நிர்வாகி மட்டும் திறந்து பார்க்கலாம். திறந்தார். நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

நிலோபர் கூப்பிட்டார். ஒரே மணியில் எடுத்தார்கள். "வாய் வழியா எதுவும் ஊத்திடாதீங்க. பக்கமா சாய விடாம வைக்கோல் முட்டுக் குடுங்க. வந்துட்டிருக்கேன்." வண்டிச் சாவியைத் தேடினார். "சார், நீங்களும் வாங்க. ஆள் வேணும்."

வண்டியில் பின்னால் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் போன் ஓயாமல் துடித்தது. உண்மைவிளம்பி ஏதோ கேட்டிருப்பான். வழக்கமாக இந்நேரம் கை தானாக அங்கே போயிருக்கும்.

மாடு கொட்டகையில் கிடந்தது. தலை விலாவில் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கன்று தனியாக ஒரு மூலையில் நின்றது. தங்கபுஷ்பம் நாற்பது வயசுக்காரர், தன் சேலை முந்தானையால் மாட்டின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. தேய்ப்பதை நிறுத்தவுமில்லை.

"இது ஒண்ணுதாம்மா இருக்கு," என்றார்.

நிலோபர் கழுத்தில் ஊசியை ஏற்றினார். பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி ஞானசிகாமணியிடம் கொடுத்தார். "தோளுக்கு மேல பிடிங்க. மெதுவாத்தான் போகணும். நான் நெஞ்சுத் துடிப்பக் கேக்கறேன். பேசாதீங்க."

யாரும் பேசவில்லை.

பாட்டிலில் குமிழ் ஒவ்வொன்றாக ஏறியது. கால் மணி நேரத்தில் கை மரத்துப்போனது. கை மாற்றிப் பிடித்தார். போன் துடித்து அடங்கியது. மறுபடி துடித்தது. குழாயடியில் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மறுபடி கேட்கக் களைப்பாக இருந்தது.

இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது மாட்டின் தொடை நடுங்கியது. பிறகு அது பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. கழுத்தை மெல்ல நேராக்கியது. சாணி போட்டது.

"அப்பாடா," என்றார் நிலோபர்.

தங்கபுஷ்பம் காதைத் தொட்டுப் பார்த்தார். மறு காதையும் தொட்டுப் பார்த்தார். "சூடு வந்துடுச்சிம்மா." சொல்லிவிட்டு முகத்தை மாட்டின் கழுத்திலேயே வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை அப்போதுதான் பார்த்தார்.

"சார் யாருங்க?"

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். மன்றம், நிர்வாகி, பதினாலாயிரம், ஆறு பன்னிரண்டு, எட்டு மணி. எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை தானாகத் தாழ்ந்தது.

"அறிமுகமெல்லாம் அப்புறம்," என்றார் நிலோபர். "பாட்டிலைத் தூக்கிப் பிடிங்க சார். இன்னும் பாதி இருக்கு."