இருவாச்சி வீட்டுப் பாடம்

மலைக்காடு ஒன்றில் ஓர் இருவாச்சிக் குடும்பம் இருந்தது. இருவாச்சிகள் குஞ்சு வளர்க்கும் விதமே தனி. தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். அதன் வழியேதான் அப்பா பழம் ஊட்டுவார்.

அந்தப் பொந்தில்தான் அலகி பிறந்தாள், வளர்ந்தாள், பாடமும் படித்தாள்.

பக்கத்து மரத்தில் மைனா வாத்தியாரின் பள்ளிக்கூடம். கேட்க வேண்டுமா? விடிந்தால் ஒரே கூச்சல்!

ஒருநாள் வாத்தியார் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தார். "இருவாச்சி அம்மா, பிள்ளையை இப்படிப் பூட்டி வைத்திருக்கிறீர்களே! நாளைக்கு நாலு பேரோடு எப்படிப் பழகும்?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கவலை அவளுக்கும் உண்டு. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "பார்க்கத்தானே போகிறீர்கள்!" என்றாள்.

அன்றிலிருந்து வெளியே எந்தச் சத்தம் கேட்டாலும், "இது யார்? என்ன சொல்கிறார்?" என்று மகளைக் கேட்பாள். தெரியாவிட்டால் அலகி இடுக்கில் அலகை நீட்டி, போகிறவர் வருகிறவரையே கேட்டுவிடுவாள். அப்படித்தான் மரங்கொத்தியும் மலை அணிலும் அவளுக்குச் சிநேகமானார்கள்.

அத்தி பழுத்தது. பொந்தும் திறந்தது. தட்டுத்தடுமாறிப் பறந்து அத்திமரத்துக்கு வந்த அலகியைப் பார்த்து மைனாக் குஞ்சுகள் சிரித்தன.

"பொந்துப் பிள்ளை! உனக்குச் சேர்ந்து பாடக்கூடத் தெரியாது. தள்ளி உட்கார்!"

அலகி ஓரக் கிளைக்குப் போனாள். அம்மாவும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் அடிமரத்திலிருந்து மலை அணில் கடகடவென்று கத்தியது.

"அணில் மாமாவுக்கு என்ன கோபமோ!" என்றது ஒரு குஞ்சு. "கோபமோ, கோபமோ!" என்று மற்றவையும் ஒரே குரலில் பாடின.

"கோபமில்லை! பாம்பு ஏறுகிறது என்கிறார். பறந்துவிடுங்கள்!" அலகி தன் பெரிய சிறகை அடித்து எல்லாரையும் கிளப்பினாள். சாரைப்பாம்பு மேலே வந்தபோது கிளை காலியாக இருந்தது.

வாத்தியார் மூச்சு வாங்கப் பறந்துவந்தார். "என் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டாளே! அம்மா, இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீர்களா?"

மகளை நினைத்து அம்மாவின் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"ஓ, அனுப்புகிறேன். காலையில் உங்களிடம் பாட்டுப் படிக்கட்டும். மாலையில் உங்கள் பிள்ளைகளுக்கு அணில் பேச்சு சொல்லிக்கொடுக்கட்டும்!"

நீதி: கூட்டத்தில் வளர்ந்தால் மட்டும் போதாது, பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவருக்கே பழகத் தெரியும்.