முதல் பந்துக்கு முன்னால் எழுதிய பட்டியல்

ஷட்டில் கோர்ட் நண்பர்களின் ஃபேன்டஸி கிரிக்கெட் லீக்கை நடத்துகிறவன் இஸ்திரிக்கடை அந்தோணிமுத்து. முதல் பந்து விழும் முன் நிஜ ஆட்டத்தில் யார் யார் நன்றாக ஆடுவார்கள் என்று கணித்து அவரவர் அணிப் பட்டியலைத் தந்துவிட வேண்டும் என்பது விதி. கோர்ட்டுக்குச் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் ஞானசம்பந்தம், இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் காலையில் வந்து ஒரு தாளை நீட்டினார்.

"நேத்து முதல் பந்துக்கு முன்னாடியே எழுதிட்டேன்யா, கொடுக்கத்தான் மறந்துட்டேன். கோப்பை எனக்குத்தான். மாட்டேன்னா கோர்ட்டைப் பூட்டிடுவேன்!"

அந்தோணிமுத்து தாளைப் பார்த்தான்.

"கேப்டன் விக்ராந்த்தா? களமிறங்கின பதினோரு பேர்ல அவர் பேரே இல்லியே சார். பத்தாவது ஓவர்ல ஒருத்தர் தலையில பந்து பட்டுச்சு. அவருக்குப் பதிலா வந்து வெளுத்து வாங்கினவர்தான் விக்ராந்த்."

அந்தோணிமுத்து தாளை மடித்துக் கான்ட்ராக்டர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"கோர்ட்டைப் பூட்டணும்னா பூட்டிக்குங்க. கோப்பை கிடையாது. அடுத்த தொடர்ல எவன் மண்டை உடையும்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. பாவம், ரெண்டு ஹெல்மெட்டா மாட்டிக்கிட்டு வரட்டும்."